புதிய முறையைக் கடைப்பிடிப்பவர் எத்தனை பேர்? கணக்கெடுக்கும் படிவத்துக்கும் பரிசோதனை தேவை

அறுவடை முடிந்து களம் காலியானதும் கிராமங்களுக்குப் படிவத்துடன் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். வேளாண்மைக் கல்லூரி மாணவர் வருவார். புள்ளியியல் துறை ஊழியர் வருவார். ஏதாவது ஒரு திட்டத்தின் பலனை மதிப்பிட வெளியூரிலிருந்து ஒரு குழு வரும். திண்ணையில் அமர்ந்து பெயர், வயது, நிலத்தின் அளவு ஆகியவற்றை எழுதிக்கொண்ட பிறகு அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். புதிய தொழில்நுட்பங்களைக் கடைப்பிடிக்கிறீர்களா?

வந்தவருக்கு மோர் கொடுத்து உபசரிக்கும் விவசாயி, "கடைப்பிடிக்கிறோம்" என்றே சொல்லி அனுப்புவார். இல்லை என்றால் வந்தவர் முகம் வாடும். அடுத்த முறை மானியப் பட்டியலில் பெயர் விடுபட்டுப் போகுமோ என்ற எண்ணமும் உள்ளே இருக்கும். இப்படிச் சேர்ந்த பதில்களைக் கூட்டித்தான், இந்த மாவட்டத்தில் இன்ன முறை இத்தனை சதவீதம் பரவிவிட்டது என்று அறிக்கை எழுதுகிறார்கள். பரவிவிட்டது என்று அறிக்கை சொன்னால் பயிற்சி நிற்கும். கருவிக்கான மானியம் வேறு பக்கம் போகும். கருவி கிடைக்காமல் கைக்களை எடுத்துக்கொண்டிருப்பவரின் குறை ஏட்டில் ஏறாமலே போய்விடும்.

விதைக்கு முளைப்புத்திறன் சோதனை இருப்பது போல, நிலத்துக்கு மண் பரிசோதனை இருப்பது போல, இந்தக் கேள்விப் படிவத்துக்கும் சோதனை உண்டு. வேளாண் விரிவாக்கக் கல்வியில் அது ஒரு பாடமாகவே சொல்லித்தரப்படுகிறது. படிவத்தை நிரப்புகிறவர் மட்டுமின்றி, அதற்குப் பதில் சொல்கிற விவசாயியும் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஏனெனில் அந்தப் படிவத்தில் அளக்கப்படுவது அவர்தான்.

ஒரு பெயருக்குள் பல வேலைகள்

திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்கொள்ளலாம். மடகாஸ்கர் தீவில் ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் வகுத்த முறை இது. 2000-க்குப் பிறகு தமிழ்நாட்டில் விரிவாகப் பிரசாரம் செய்யப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 'ராஜராஜன் 1000' என்ற பெயரும் இதற்குச் சூட்டப்பட்டது.

இம்முறையில் ஏக்கருக்கு 3 கிலோ அளவே விதை, ஒரு சென்ட் பாய் நாற்றங்கால், 14 நாள் இளநாற்று, குத்துக்கு ஒரே நாற்று, 25-க்கு 25 செ.மீ. சதுர நடவு, கோனோவீடர் என்ற உருளும் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுதல், மயிரிழை வெடிப்பு கண்ட பிறகு நீர் கட்டுதல் எனப் பல வேலைகள் அடங்கும். இவை அனைத்தையும் ஒருவர் செய்கிறாரா என்பதே கேள்வி.

ஒரு விவசாயி இளநாற்றுதான் நடுவார். ஆனால் ஒற்றை நாற்று பட்டுப்போனால் என்ன செய்வது என்ற பயத்தில், நடவு ஆட்கள் இரண்டு மூன்றாகச் சேர்த்து வைப்பதைப் பார்த்தும் பேசாமலிருப்பார். இன்னொருவர் சதுர நடவு நட்டிருப்பார். ஆனால் கருவி ஓட்ட ஆள் கிடைக்காமல் கைக்களைதான் எடுத்திருப்பார். வாய்க்கால் கடைமடையில் இருப்பவர் முறை வரும்போது நீரைத் தேக்கிக்கொள்வார். வயல் வெடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தால் அடுத்த முறை எப்போது வருமோ தெரியாது. இந்த மூவரும் 'திருந்திய நெல் சாகுபடி செய்தீர்களா' என்ற ஒற்றைக் கேள்விக்கு 'ஆம்' என்றுதான் சொல்வார்கள். அதில் பொய்யும் இல்லை.

இந்தியாவில் 13 மாநிலங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2013-ல் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் வெளிவந்தது. இம்முறையின் முக்கியமான நான்கு அம்சங்களைத் தனித்தனியே கேட்டுப் பார்த்தார்கள். இம்முறையில் நெல் பயிரிட்டதாகக் கணக்கில் வந்தவர்களில் 41 சதவீதத்தினர் ஓர் அம்சத்தை மட்டும் கடைப்பிடித்திருந்தனர். 39 சதவீதத்தினர் இரண்டு அல்லது மூன்றைக் கடைப்பிடித்திருந்தனர். நான்கையும் கடைப்பிடித்தவர் 20 சதவீதம்தான். ஒரே கேள்வி கேட்டிருந்தால் நூறு பேரும் ஒரே கட்டத்தில் விழுந்திருப்பார்கள்.

கேள்வி எழுதும் முன் கேட்க வேண்டியவை

ஆகவே படிவம் தயாரிப்பவரின் முதல் வேலை, எதை அளக்கப்போகிறோம் என்று வரையறுப்பது. பயிர் உற்பத்திக் கையேட்டில் உள்ள சிபாரிசுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் எவ்வளவு செய்தால் முழுமை, எவ்வளவு செய்தால் பாதி, எது இல்லாமை என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பிறகு கிராமத்துக்குப் போய், கேள்வி எதுவும் கேட்காமல் முதலில் விவசாயிகள் பேசுவதைக் கேட்க வேண்டும். இந்தப் படியைத்தான் அவசரக்காரர்கள் தாண்டிவிடுகிறார்கள்.

விவசாயி பேசும்போதுதான் அவருடைய சொற்கள் கிடைக்கும். கையேட்டில் 'மாற்று ஈர-உலர் பாசனம்' என்று அச்சாகியிருப்பதை அவர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார். நில அளவை இன்னும் சிக்கலானது. தஞ்சைப் பகுதியில் நூறு குழி ஒரு மா. ஒரு மா என்பது சுமார் 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. வேறு பகுதிகளில் குழியின் அளவே வேறு. எத்தனை ஏக்கர் என்று அச்சடித்த கட்டத்தில், குழியிலோ மாவிலோ சொன்னதை மனக்கணக்காக மாற்றி எழுதினால் பிழை புகுந்துவிடும். சொன்ன அளவை அப்படியே எழுதிக்கொண்டு பிறகு மாற்றுவதே சரி.

ஒரே மூச்சில் இரண்டைக் கேட்பதும் தவறு. "விதை நேர்த்தி செய்து, மண் பரிசோதனைப்படி உரம் இட்டீர்களா?" என்று கேட்டால், விதை நேர்த்தி மட்டும் செய்தவர் என்ன சொல்வார்? "தேவையற்ற பூச்சிமருந்தைத் தவிர்த்தீர்களா?" என்ற கேள்வியோ பதிலைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. தேவையற்றதைத் தெளித்தேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எத்தனை முறை தெளித்தீர்கள், எந்தப் பூச்சிக்கு, என்ன மருந்து, அதைச் சொன்னது யார் என்று தனித்தனியே கேட்டால் விஷயம் தானாக வெளிவரும்.

காலம் கடந்து கேட்டால் நினைவு தவறும். குறுவைக்கு மருந்தடித்ததைத் தை மாதத்தில் கேட்டால் எந்த விவசாயிக்கும் தேதி சொல்ல வராது. ஆடிப்பெருக்குக்கு முன்பா, பின்பா? தீபாவளிக்குள் எத்தனை தடவை? இப்படி நாள் கிழமையை வைத்துக் கேட்டால் ஓரளவு சரியாக வரும்.

வைத்திருப்பது ஒன்று, பார்ப்பது ஒன்று

இலை வண்ண அட்டை இதற்கு நல்ல உதாரணம். நெற்பயிருக்கு எப்போது தழைச்சத்து மேலுரம் இடவேண்டும் என்பதை இலையின் பச்சை நிறத்தைக் கொண்டு காட்டும் அட்டை அது. "அட்டை இருக்கிறதா?" என்று கேட்டால் வீட்டிலிருந்து கொண்டுவந்தே காட்டுவார்கள். பயிற்சி முகாமில் கொடுத்தது, தூசி கூடப் படியாமல் இருக்கும்.

பயன்படுத்துகிறாரா என்று அறிய வேறு வழியில் போக வேண்டும். நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும்; பத்துச் செடிகளில் பார்க்க வேண்டும்; வெயில் இலைமேல் நேராக விழாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்; வெள்ளைப் பொன்னிக்கு 3-ம் எண், மற்ற பல ரகங்களுக்கு 4-ம் எண் என்பது வரம்பு. "போன முறை எந்த எண் வந்தது? அதைப் பார்த்து என்ன செய்தீர்கள்?" என்ற இரண்டு கேள்விகள் போதும். அட்டையைப் பார்த்துவிட்டு யூரியா போடாமல் ஒரு வாரம் நிறுத்தினேன் என்று ஒருவர் சொன்னால், அவர் நிச்சயம் பயன்படுத்துகிறவர்தான்.

கைபேசி விஷயமும் இப்படியே. 2018-ல் தமிழக அரசு 'உழவன்' செயலியைத் தொடங்கியது. அதற்கு வெகுமுன்பே, 2004-ல், விவசாயிகள் தொலைபேசியில் ஆலோசனை கேட்கக் கிசான் கால் சென்டர் வந்துவிட்டது. "கைபேசி மூலம் வேளாண் தகவல் பெறுகிறீர்களா?" என்று அறுபது வயது விவசாயியைக் கேட்டால் இல்லை என்பார். ஆனால் கல்லூரியில் படிக்கும் மகள் விலை நிலவரம் பார்த்துச் சொன்னதால்தான் அவர் வாழைத்தாரை இரண்டு நாள் தாமதித்து வெட்டியிருப்பார். கருவி யார் கையில் என்பதைக் கேட்ட படிவம், தகவல் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கேட்க மறந்துவிட்டது.

யாரைக் கேட்பது என்பதும் இங்கே வந்துவிடுகிறது. குடும்பத் தலைவர் என்று பட்டாவில் பெயர் உள்ளவரைக் கேட்பதே வழக்கம். நடவும் களையெடுப்பும் நம் ஊரில் பெண்கள் வேலை. குத்துக்கு எத்தனை நாற்று வைத்தோம் என்பது நட்ட பெண்ணுக்குத்தான் தெரியும். களைக்கருவி வந்த பிறகு பல இடங்களில் அந்த வேலை ஆண்கள் கைக்கு மாறியது. பெண்களின் கூலி நாட்கள் குறைந்ததும், சேற்றில் அந்தக் கருவியைத் தள்ளுவது எவ்வளவு சிரமம் என்பதும் வீட்டுத் தலைவரை மட்டும் கேட்கும் படிவத்தில் வரவே வராது.

சல்லடையில் நிற்கும் கேள்விகள்

இவ்வாறு எழுதிய கேள்விகள் எண்பது, நூறு என்று சேரும். அவற்றை முதலில் அனுபவமுள்ள விஞ்ஞானிகளிடமும் விரிவாக்க அலுவலர்களிடமும் அனுப்பி, எது தேவை, எது தேவையில்லை என்று கருத்துக் கேட்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்றவை கழிந்துபோகும். மீதியை, ஆய்வு நடக்கப்போகும் கிராமங்களைத் தவிர்த்து, அதே மாதிரியான வேறு ஒரு கிராமத்தில் கேட்டுப் பார்க்கிறார்கள். ஆய்வுக் கிராமத்திலேயே கேட்டால், பரீட்சைக்கு முன்பே வினாத்தாள் வெளியான கதையாகிவிடும்.

வந்த விடைகளுக்கு மதிப்பெண் போட்டு, மொத்த மதிப்பெண் வரிசையில் விவசாயிகளை அடுக்குவார்கள். 60 பேரைக் கேட்டிருந்தால் மேலே உள்ள 15 பேர், கீழே உள்ள 15 பேர் என இரு குழுக்களை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரு குழுக்களின் விடையில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். விரிவாக்க ஆய்வுகளில் இதற்கென்று ஒரு கணக்கு உண்டு. அதன் மதிப்பு 1.75-க்கு மேல் வந்தால் கேள்வி நிற்கும், குறைந்தால் விழும். மனப்பான்மையை அளக்க 1932-ல் அமெரிக்காவில் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்த முறையின் வழியில் வந்த ஏற்பாடு இது. 'முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'சிறிதும் ஒப்புக்கொள்ளவில்லை' வரை ஐந்து கட்டம் போட்டுக் கேட்கும் படிவங்கள் எல்லாம் அவர் வழியில் வந்தவையே.

எல்லோரும் ஆம் என்கிற கேள்வியால் பயனில்லை. ஒருவரும் செய்யாததைக் கேட்பதாலும் பயனில்லை. ஆளில்லா விமானத்தால் மருந்து தெளித்தீர்களா என்று, அது வந்தே சேராத கிராமத்தில் கேட்டு என்ன தெரியப்போகிறது? ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சல்லடை சொன்னது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடவும் கூடாது. ஆற்றுப் பாசனப் பகுதியில் நீர் நிர்வாகத்தைப் பற்றிய கேள்வி விழுந்துபோகும். ஏனெனில் அங்கே யாராலும் அதைச் செய்ய முடிவதில்லை. அதை எடுத்துவிட்டால், நீரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காத படிவம் திருந்திய நெல் சாகுபடியை அளப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். இங்கே கணக்குக்கு மேல் விவரம் தெரிந்தவரின் தீர்ப்பு வேண்டும்.

இதற்கு ஒரு வழி, 'பொருந்தாது' என்று தனிக் கட்டம் வைப்பது. உதாரணமாக, ஆறு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மொத்தம் 12 என்று வைத்துக்கொள்வோம். கடைமடை விவசாயி 7 வாங்குகிறார். 12-க்கு 7 என்றால் 58 சதவீதம். நீர் கட்டுவது அவர் கையில் இல்லை என்று அந்த 2-ஐ விலக்கினால் 10-க்கு 7, அதாவது 70 சதவீதம். அதே விவசாயி, அதே வயல். முதல் கணக்கு அவரைச் சோம்பேறி என்கிறது. இரண்டாவது கணக்கு வாய்க்காலைப் பார்க்கச் சொல்கிறது.

பரப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் சாலையோரம் 20 சென்ட்டில் மாதிரித் திடல் போட்டிருந்தால் அது அவர் நிலத்தில் 4 சதவீதம்தான். எவ்வளவு நிலத்தில் செய்ய முடியும், எவ்வளவில் செய்தார், எத்தனை ஆண்டாகச் செய்கிறார் என்பதையெல்லாம் ஒரே எண்ணில் கொண்டுவர இந்திய ஆய்வாளர் சட்டோபாத்தியாய் 1963-லேயே ஒரு சூத்திரம் வகுத்தார். விரிவாக்கத் துறை ஆய்வுகளில் பிறகு அது பலவாறாக எடுத்தாளப்பட்டது.

தராசு முள்ளும் படிக்கல்லும்

மிஞ்சிய கேள்விகளைக் கொண்ட படிவத்துக்கு இரண்டு பரீட்சை உண்டு. ஒரே மூட்டையை மூன்று முறை வைத்தால் தராசு மூன்று முறையும் ஒரே எடை காட்ட வேண்டும். இது முதல் பரீட்சை. அதே விவசாயிகளைப் பதினைந்து நாள் கழித்து மீண்டும் கேட்டுப் பார்ப்பது ஒரு வழி. முடிந்துபோன பருவத்தைப் பற்றிக் கேட்டால்தான் இது செல்லும். நடுப்பருவத்தில் கேட்டால், இடையில் இன்னொரு முறை கருவி ஓட்டியிருப்பார், பதில் மாறத்தான் செய்யும்.

கேள்விகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது இன்னொரு வழி. எத்தனை விதமாகப் பிரிக்க முடியுமோ அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண் தரும் 'ஆல்ஃபா' கணக்கை லீ குரோன்பாக் 1951-ல் பிரபலப்படுத்தினார். அந்த எண் 0.7-க்கு மேல் இருந்தால் போதும் என்பது வழக்கமாகிவிட்டது.

ஆல்ஃபா நன்றாக வந்துவிட்டால் படிவம் தேறிவிட்டது என்று பல ஆய்வுகள் அத்துடன் கையைக் கழுவிவிடுகின்றன. இது சரியல்ல. மூன்று முறையும் இரண்டு கிலோ குறைத்தே காட்டும் தராசும் 'ஒரே மாதிரி' காட்டும் தராசுதான். எடை போடப் போகும் எந்த விவசாயிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. முத்திரையிட்ட படிக்கல்லை வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். படிவத்துக்கு அந்தப் படிக்கல், வயல்.

சதுர நடவு நட்டேன் என்று பதில் வந்தால், ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வயலில் வைத்துக் குத்துகளை எண்ணலாம். 25-க்கு 25 செ.மீ. என்றால் 16 குத்து இருக்கும். 20-க்கு 10 என்றால் 50 குத்து இருக்கும். இதில் வாதத்துக்கு இடமில்லை. ஒற்றை நாற்றா என்பதை நட்ட ஓரிரு வாரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும், தூர் கட்டிய பிறகு தெரியாது. கோனோவீடர் ஓட்டியதைச் சேற்றுத் தடமே சொல்லிவிடும். எல்லா வயலுக்கும் போக முடியாது. பத்தில் ஒரு வயலைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பார்த்து, சொன்னதும் கண்டதும் எவ்வளவு பொருந்துகின்றன என்று கணக்கிட்டாலே படிவத்தின் யோக்கியதை தெரிந்துவிடும்.

சொல்லுக்கும் வயலுக்கும் வித்தியாசம் வந்தால் அது விவசாயியின் பொய் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆப்பிரிக்க நாடுகளில் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவியால் நிலங்களை அளந்து பார்த்தபோது, சிறு நிலத்துக்காரர்கள் தங்கள் நிலத்தைக் கூடுதலாகவும், பெரிய நிலத்துக்காரர்கள் குறைத்தும் சொல்லியிருந்தது தெரிந்தது. நைஜீரியாவில் மரவள்ளி இலையை மரபணுச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நாட்டு ரகம் என்று சொல்லப்பட்டவற்றில் ஆராய்ச்சி நிலைய ரகங்கள் இருந்தன. புதிய ரகம் என்று சொல்லப்பட்டவற்றில் பழையவை இருந்தன. கரணை கைமாறிக் கைமாறி ஊர் சுற்றும்போது பெயரும் மாறிவிடுகிறது. நம் ஊரிலும் ஒரே நெல்லுக்கு இரண்டு தாலுகாவில் இரண்டு பெயர் வழங்குவது புதிதல்ல.

படிக்கல்லையே சந்தேகிக்க வேண்டிய சமயமும் உண்டு. மகசூலை அறியப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்கிறார்கள். வயலில் ஓரிடத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அளந்து அறுத்து, அடித்து எடை பார்க்கும் முறை இது. பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் இதை நம்பியே நிற்பதால் விவசாயிகளுக்குப் பழக்கமானதுதான். மிகச் சிறிய துண்டை அறுத்தால் மகசூல் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும் என்று பி.வி.சுகாத்மே 1946-ல் எடுத்துக்காட்டினார். கயிற்றின் ஓரத்தில் நிற்கும் குத்துகளை அறுப்பவர் உள்ளே சேர்த்துக்கொண்டுவிடுவார். துண்டு சிறியதானால் ஓரத்தின் பங்கு அதிகம். பிழையும் அதிகம்.

பின்தங்கியவர் யார்?

அளவுகோல் சரியாக இருந்தாலும், அதன் எந்தப் பக்கம் உயர்வு என்று தீர்மானிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது.

புதிய முறை எப்படிப் பரவுகிறது என்ற ஆய்வுக்கு வழிகாட்டி அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிரைஸ் ரயன், நீல் கிராஸ் இருவரும் வீரிய மக்காச்சோளம் பற்றிச் செய்த ஆய்வு. 1943-ல் அது வெளிவந்தது. 259 விவசாயிகளின் கணக்கில், 1941-க்குள் இருவர் தவிர மற்ற அனைவரும் அந்த விதைக்கு மாறியிருந்தனர். விதையைப் பற்றி முதலில் சொன்னவர் பெரும்பாலும் விற்பனையாளர். மாறலாம் என்று துணிவு தந்தவர் பக்கத்து வயல்காரர். இந்த வழியில் வந்த எவரெட் ரோஜர்ஸ், 1962-ல் வெளியிட்ட புத்தகத்தில் விவசாயிகளை ஐந்து வகையாகப் பிரித்தார். முதலில் துணிபவர்கள் 2.5 சதவீதம். கடைசி 16 சதவீதத்தினருக்கு அவர் வைத்த பெயர் 'பின்தங்கியவர்'.

அவரே பிற்காலத்தில் எழுதிய ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. 1954-ல் தம் பட்ட ஆய்வுக்காக அயோவாவில் அவர் பேட்டி கண்ட விவசாயிகளில் ஒருவர், களைக்கொல்லி உள்ளிட்ட ரசாயனங்கள் எதையும் தொட மறுத்தார். அவை மண்புழுவையும் பாட்டுப் பறவைகளையும் கொல்கின்றன என்றார். அன்றைய அளவுகோலில் அவர் அடிமட்டத்தில் விழுந்தார். ரசாயனம் இல்லாத விவசாயத்தை உலகமே பேசத் தொடங்கிய பிறகு பார்த்தால், அவர் எல்லோருக்கும் முந்தியவர். சிபாரிசு செய்யப்பட்டதெல்லாம் நல்லது, செய்யாதவர் குறையுள்ளவர் என்று படிவம் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்ததுதான் கோளாறு.

மடகாஸ்கரிலும் இப்படி ஒரு பாடம் கிடைத்தது. திருந்திய நெல் சாகுபடி பிறந்த அந்த நாட்டிலேயே, அதைத் தொடங்கியவர்களில் கணிசமானோர் சில ஆண்டுகளில் கைவிட்டதை 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. மகசூல் குறைந்ததால் அல்ல. நடவுப் பருவத்தில் ஏழைக் குடும்பங்களிடம் கைக்காசு இருக்காது. அன்றாடச் சாப்பாட்டுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டிய அதே நாட்களில், இந்த முறை சொந்த வயலில் கூடுதல் ஆள் கேட்டது. 'செய்கிறீர்களா' என்பதோடு, 'எப்போதாவது செய்து விட்டுவிட்டீர்களா, ஏன்' என்றும் கேட்டதால்தான் இது தெரிந்தது. இந்த ஒரு கேள்வி இல்லாத படிவம் இன்றும் ஏராளம்.

படிவத்துக்கும் வயதாகும்

உதய் பரீக், ஜி.திரிவேதி இருவரும் 1964-ல் கிராமக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க ஓர் அளவுகோல் உருவாக்கினர். நிலம், வீடு, கல்வி, உழவு மாடு ஆகியவற்றுடன் சைக்கிள், வானொலிப் பெட்டி, நாற்காலி இருக்கிறதா என்றும் அது கேட்டது. அன்றைக்கு வானொலி உள்ள வீடு ஊருக்கு ஒன்றிரண்டு. பிறகு வந்த ஆய்வாளர்கள் அதில் தொலைக்காட்சியையும் கைபேசியையும் சேர்க்க வேண்டியதாயிற்று. உழவு மாடு இல்லாதது வறுமையின் அடையாளம் என்று இன்றைக்குக் கணக்கிட்டால், டிராக்டரை வாடகைக்கு வைத்து உழும் பத்து ஏக்கர்காரர் ஏழையாகிவிடுவார். பழைய படிவத்தைப் பெயர் பெற்றது என்பதற்காக அப்படியே எடுத்தாள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வேறு மாநிலத்தில், வேறு மொழியில் தேறிய படிவத்தை மொழிபெயர்த்தால் இங்கே மறுபடியும் முதலிலிருந்து சோதிக்கத்தான் வேண்டும்.

நன்றாகக் கேட்டால் எவ்வளவு தெரியவரும் என்பதற்கு மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2003-ல் நடத்திய விவசாயிகள் நிலை பற்றிய கணக்கெடுப்பைச் சொல்லலாம். நவீனத் தொழில்நுட்பம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டபோது, அரசு அலுவலரை மட்டும் குறிப்பிட்டு நிறுத்திவிடவில்லை. அக்கம்பக்கத்தார், கடைக்காரர், வானொலி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். 100 விவசாயக் குடும்பங்களில் 40-க்குத்தான் ஏதாவது ஒரு வழியில் தகவல் எட்டியிருந்தது. முன்னேறிய சக விவசாயிகளிடமிருந்து பெற்றவர் 16.7 சதவீதம், உரம் மருந்துக் கடைக்காரரிடமிருந்து 13.1, வானொலி மூலம் 13. விரிவாக்கப் பணியாளர் மூலம் பெற்றவர் 5.7 சதவீதமே. கடைக்காரரின் பெயர் பட்டியலில் இல்லாதிருந்தால், பூச்சிமருந்து யோசனை யாரிடமிருந்து வருகிறது என்பது ஏட்டில் வந்திருக்காது.

அடுத்த முறை படிவத்துடன் ஒருவர் வீட்டுக்கு வந்தால், விவசாயிகள் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளலாம். எந்த நிறுவனத்திலிருந்து வருகிறார், எதற்காக, எந்தப் பருவத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லலாம். 'ஓரளவு செய்தேன்', 'செய்து விட்டுவிட்டேன்', 'எனக்கு இது பொருந்தாது' என்ற பதில்களுக்குப் படிவத்தில் கட்டம் இல்லையென்றால், ஓரத்தில் எழுதிக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். நல்ல ஆய்வாளர் அந்த ஓரக் குறிப்பைத்தான் முதலில் படிப்பார். நடவும் களையும் பற்றிய கேள்வி வரும்போது அந்த வேலையைச் செய்தவரையும் கூப்பிட்டு உட்காரவைக்கலாம். நேரமிருந்தால் வயலுக்கே அழைத்துப் போய்விடலாம். பதினைந்து நாள் கழித்து அதே ஆள் அதே கேள்விகளுடன் மறுபடி வந்தால், "முன்பே சொன்னேனே" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அவர் அப்போது பரீட்சை வைப்பது தம் படிவத்துக்குத்தான். முதலில் என்ன சொன்னோம் என்று யோசிக்காமல், வயலில் நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.